பாஸ்கோடு கேட்டால்? ஆன்சைட் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆன்சைட், அதாவது வெளிநாட்டில் கிளையன்ட் இடத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு நிறுவனங்கள் நடத்தும் பயண விளக்கக் கூட்டத்தில் எல்லாமே சொல்லித்தருவார்கள். விசா ஒப்புதல் தாளை எந்தப் பையில் வைப்பது, குடிநுழைவு கவுன்ட்டரில் என்னென்ன கேட்பார்கள், ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் எப்படிச் சுற்றி வைப்பது வரைக்கும். "போனைத் திறந்து கொடுங்கள்" என்று அதிகாரி கேட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அது ஊழியரின் சொந்த விஷயம் என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. ஆனால் அந்தப் போனில் கிளையன்ட் மின்னஞ்சல் இருக்கிறது. டீம்ஸ் உரையாடல் இருக்கிறது. அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய அனுமதி தரும் செயலி இருக்கிறது. கூடவே அம்மாவின் மருந்துச் சீட்டு, வங்கி எஸ்எம்எஸ், கல்லூரி நண்பர்கள் குழுவில் வந்து விழுந்த அரசியல் மீம் எல்லாம் இருக்கின்றன.

பயப்படும் அளவுக்கு இது அடிக்கடி நடக்கிறதா? இல்லை. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுச் சுங்க, எல்லைப் பாதுகாப்பு முகமை, அதாவது சிபிபி, 2024 நிதியாண்டில் சோதனையிட்ட மின்னணுச் சாதனங்கள் 47,047. அந்த ஆண்டு நாட்டுக்குள் வந்தவர்கள் ஏறத்தாழ 42 கோடிப் பேர். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. ஆனால் சோதனைக்கு ஆளானவர்களில் முக்கால்வாசிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள். எண்ணிக்கையும் கூடிக்கொண்டுதான் வருகிறது. 2018இல் அது 33,296. அரிதாக நடப்பது, நடந்தால் வேலைக்கே வினையாவது. இந்த ரகத்துக்குக் கொஞ்சம் முன்னேற்பாடு போதும், பதற்றம் வேண்டாம்.

அலுவலகப் போன் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறவர்களுக்கு 2017 ஜனவரியில் ஹூஸ்டன் விமான நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகப் பொறியாளர் ஒருவர், அமெரிக்காவிலேயே பிறந்தவர், சிலி நாட்டிலிருந்து திரும்பி வந்தார். குளோபல் என்ட்ரி என்ற நம்பகப் பயணி திட்டத்திலும் சேர்ந்திருந்தவர். தனி அறைக்கு அழைத்துப்போய்ப் போனையும் அதைத் திறக்கும் பின் எண்ணையும் கேட்டார்கள். இது ஆய்வகம் கொடுத்த போன், இதைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது என்று அவர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியில் எண்ணைக் கொடுத்தார். போன் அறையை விட்டு வெளியே போய், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த அரை மணியில் அதை என்ன செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஊர் திரும்பியதும் அவர் அந்தப் போனை ஆய்வகத்தின் பாதுகாப்புப் பிரிவிடம் ஒப்படைத்துவிட்டு வேறு போன் வாங்கிக்கொண்டார். குடிமகனுக்கே இந்தக் கதி என்றால், முத்திரைக்காகக் காத்து நிற்கும் எச்-1பி வேலை விசா ஊழியர் எவ்வளவு பேரம் பேச முடியும்?

அதிகாரி எதுவரை போகலாம்?

கைது செய்யப்பட்டவரின் செல்போனைப் பார்க்கக்கூட போலீஸுக்கு நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. நாட்டு எல்லையில் அந்தப் பாதுகாப்பு அப்படியே செல்லுபடியாவதில்லை. விமான நிலையக் குடிநுழைவு கவுன்ட்டரும் சட்டத்தின் கண்ணில் எல்லைதான்.

சிபிபி தனக்கென வைத்திருக்கும் விதிமுறை 2018 ஜனவரி 4 தேதியிட்டது. அதில் சோதனை இரண்டு வகை. ஒன்று சாதாரணச் சோதனை: அதிகாரி கையில் போனை வைத்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. இதற்கு எந்தக் காரணமும் தேவையில்லை. இன்னொன்று மேம்பட்ட சோதனை: போனை வேறொரு கருவியோடு இணைத்து உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து அலசுவது. இதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ இருக்க வேண்டும்; மூத்த அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். 2024இல் நடந்தவற்றில் 42,725 முதல் வகை, 4,322 இரண்டாம் வகை. அப்படி எடுக்கும் பிரதிகள் 15 ஆண்டுகள் வரை அரசின் தரவுத்தளத்தில் இருக்கலாம் என்பது 2022இல் செனட்டர் ரான் வைடன் கேள்வி எழுப்பியபோது வெளியே வந்தது.

அதே விதிமுறையில் நமக்குச் சாதகமான ஒரு வரியும் இருக்கிறது. சாதனத்துக்குள் இருப்பதை மட்டுமே பார்க்கலாம். இணையம் வழியாக கிளவுடில் இருப்பதைத் திறந்து பார்க்கக் கூடாது. அதனால்தான் ஏர்பிளேன் மோடில் போடச் சொல்வார்கள், அல்லது அவர்களே போட்டுக்கொள்வார்கள். இதைக் கேட்டதும், "என் ஃபைல் எல்லாம் கிளவுடில்தானே இருக்கிறது" என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வாட்ஸ்ஆப் உரையாடல்கள் முழுக்க போனிலேயே கிடப்பவை. லேப்டாப்பில் இருக்கும் பழைய அவுட்லுக், இயல்பாகவே ஓராண்டு மின்னஞ்சலை உள்ளூர்ப் பிரதியாகச் சேமித்து வைக்கும். இணையம் இல்லாமல் விமானத்தில் உட்கார்ந்து எதையெல்லாம் உங்களால் படிக்க முடிகிறதோ, அதையெல்லாம் அதிகாரியும் படிக்கலாம். இதைவிடச் சுலபமான பரிசோதனை கிடையாது: வீட்டிலேயே ஏர்பிளேன் மோடைப் போட்டுவிட்டுப் போனைக் கால் மணி நேரம் மேய்ந்து பாருங்கள்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. அட்லாண்டா, மயாமி பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் எந்தச் சோதனைக்கும் சந்தேகமே தேவையில்லை என்று 2018இல் சொன்னது. பாஸ்டன் பகுதி நீதிமன்றம் 2021இல் சிபிபியின் விதிமுறையே போதும் என்றது. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கட்டுப்பாடு கொஞ்சம் இறுக்கம். நியூயார்க் கென்னடி விமான நிலைய வழக்கொன்றில் 2024 ஜூலையில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி வாரண்ட் வேண்டும் என்றே தீர்ப்பளித்தார். ஆக, எந்த ஊரில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து உரிமை மாறுகிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கவுன்ட்டரில் வாதம் செய்யப் பயன்படாது. பிறகு வழக்கறிஞருக்குத்தான் பயன்படும்.

குடிமகனா, விசாக்காரரா?

அமெரிக்கக் குடிமகன் பாஸ்கோடு தர மறுத்தால் போனைப் பிடித்து வைக்கலாம், மணிக்கணக்கில் உட்கார வைக்கலாம், நாட்டுக்குள் வராதே என்று சொல்ல முடியாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் நிலையும் ஏறக்குறைய அதுவே; ஆனால் நிரந்தர வசிப்புரிமையைக் கைவிடும் ஐ-407 படிவத்தில் மட்டும் எந்த நெருக்கடியிலும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. விசாவில் வருகிறவருக்கு மறுப்பதன் விலை அதிகம். மறுத்ததையே காரணமாக வைத்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். அதுவும் விரைவு வெளியேற்ற ஆணையாக வந்தால் ஐந்து ஆண்டுத் தடையும் சேர்ந்துகொள்ளும்.

என் கருத்து இது: எச்-1பி, எல்-1, பி-1 விசாவில் போகும் ஊழியர் கவுன்ட்டரில் கொள்கை வீரராக நிற்க முடியாது, நிற்கும்படி நிறுவனம் எதிர்பார்க்கவும் கூடாது. திறந்து காட்டினாலும் பெரிதாக எதுவும் அகப்படாத போனோடும் லேப்டாப்போடும் போவதுதான் அவருக்கு இருக்கும் உண்மையான பாதுகாப்பு. அது கவுன்ட்டரில் நடக்கும் வேலை இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பே அலுவலக மேஜையில் முடிக்க வேண்டிய வேலை.

ஒரு வாரம் முன்பே

முதலில் ஐ.டி. பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். இதைத் தவிர்க்காதீர்கள். கேட்க வேண்டியவை நான்கே விஷயங்கள்: பயணத்துக்கென வெற்று லேப்டாப் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என் லேப்டாப்பில் எந்தெந்தக் கிளையன்ட் தரவை நீக்கிவிட்டுப் போக வேண்டும், எல்லை அதிகாரி பாஸ்வேர்டு கேட்டால் நான் கொடுக்கலாமா, கொடுத்துவிட்டால் யாருக்கு, எந்த எண்ணில் உடனே சொல்ல வேண்டும். பதில் எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஆகி, "கிளையன்ட் தகவலை ஏன் காட்டினாய்" என்று உள் விசாரணை வந்தால், மேனேஜர் காரிடாரில் நின்று சொன்ன "பார்த்துக்கலாம்பா" உங்களைக் காப்பாற்றாது. மருத்துவ பில்லிங், காப்பீடு, வங்கி புராஜெக்ட்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல கிளையன்ட் ஒப்பந்தங்களில் தரவை லேப்டாப்பில் இறக்கி வைப்பதற்கே தடை இருக்கும்.

வெற்று லேப்டாப் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்த பிறகு விபிஎன் வழியாகத் தேவையானதை இறக்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அவுட்லுக் கணக்கு அமைப்பில், மின்னஞ்சலை எவ்வளவு காலத்துக்கு ஆஃப்லைனில் வைப்பது என்ற இடத்தில் ஓராண்டைச் சில நாட்களாகக் குறையுங்கள். ஒன்டிரைவ் கோப்புறையில் வலது கிளிக் செய்து இடத்தை விடுவிக்கும் வசதியைத் தேர்ந்தால் கோப்பின் பெயர் மட்டும் தெரியும், உள்ளடக்கம் கிளவுடில் மட்டும் இருக்கும். டவுன்லோட்ஸ் கோப்புறையையும் டெஸ்க்டாப்பையும் மறக்காதீர்கள். எல்லாரும் மறப்பது அந்த இரண்டையும்தான். விண்டோஸில் பிட்லாக்கரும் மேக்கில் ஃபைல்வால்ட்டும் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு மேலாளர் பயன்படுத்துகிறவர்கள், ஒன்பாஸ்வேர்டு செயலியில் பயண முறை என்று ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். அதை இயக்கினால், பயணத்துக்குத் தேவை என்று நீங்கள் குறித்தவை தவிர மற்றவை சாதனத்திலிருந்தே போய்விடும். அணைத்தால் திரும்பி வரும்.

சொந்தப் போன்தான் சிக்கலான இடம். அதிகாரி பெரும்பாலும் தேடுவது பரபரப்பான ரகசியங்களை அல்ல. விசாவில் சொன்ன நோக்கமும் போனில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதை. பி-1 விசாவில் கூட்டத்துக்கு வருகிறேன் என்றவரின் மின்னஞ்சலில் டைம்ஷீட்டும் மூன்று மாத வேலை ஒதுக்கீடும் இருந்தால் கேள்வி வரும். எச்-1பியில் இருப்பவரின் வாட்ஸ்ஆப்பில் வார இறுதி ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் பணம் வந்த செய்தி இருந்தாலும் வரும். இங்கே போனைத் துடைப்பது தீர்வே இல்லை. விசா அனுமதிக்காத வேலையைச் செய்யாமல் இருப்பதுதான் தீர்வு. பி-1இல் அனுப்பிவிட்டு கிளையன்ட் இடத்தில் கோடிங் செய்யச் சொல்லும் மேனேஜர் இருந்தால், கிளம்புவதற்கு முன்பே சண்டை போட வேண்டியது அவரிடம்.

கடைசி நேரத்தில் அழிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் பாஸ்டன் விமான நிலையத்தில் லெபனானைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் ஒருவர், எச்-1பி விசா இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் போனில், அழித்த படங்கள் கிடக்கும் கோப்புறையில் ஹிஸ்புல்லா தலைவரின் படங்கள் இருந்ததாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. ஓரிரு நாட்களுக்கு முன்புதான் அழித்தார் என்பதும், ஏன் அழித்தார் என்பதும் விசாரணைக் கேள்விகள் ஆகிவிட்டன. படங்கள் இருந்தது ஒரு கேள்வி, அழித்தது அடுத்த கேள்வி. ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரை தனிக் கோப்புறையில் இருக்கும். கூகுள் போட்டோஸில் கிளவுடில் ஏற்றிய படம் 60 நாள். ஆகவே சுத்தம் செய்வது என்றால் மாதாமாதம் நடக்கும் பழக்கமாக இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் குழுக்களின் படங்கள் தானாகப் போன் கேலரியில் இறங்கும் வசதியை இன்றே நிறுத்துங்கள். யாரோ அனுப்பிய வீடியோவுக்கு நீங்கள் விளக்கம் சொல்லும் நிலை அதனால்தான் வருகிறது.

முற்றிலும் வெற்றுப் போன் எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு அழைப்புகூட இல்லாத புதுப் போன், சாதாரணப் பயணியின் கையில் விநோதமாகத்தான் தெரியும். வீட்டில் கிடக்கும் பழைய போனை ரீசெட் செய்து, பயணத்துக்கு வேண்டிய செயலிகள், குடும்பத்தார் எண்கள், இரண்டு வார உபயோகம் என்று கொஞ்சம் புழங்கவிட்டு எடுத்துப் போவது நடைமுறைக்கு ஒத்து வரும். முக்கியப் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதானால், வங்கி ஓடிபி வரும் சிம் எது என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்; அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் குழந்தையின் டேப்லெட்டையும் பாருங்கள். கார்ட்டூனுக்காக வாங்கிய அதில் அப்பாவின் ஜிமெயில் உள்நுழைந்த நிலையிலேயே இருக்கும், அலுவலக நாட்காட்டியும் சேர்ந்து வந்திருக்கும். சோதனை டேப்லெட்டுக்கும் உண்டு.

சமூக ஊடகம் இந்தக் கணக்கில் வராது. அமெரிக்க விசா விண்ணப்பம் 2019 முதலே கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களைக் கேட்கிறது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களும் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. அங்கே எழுதியதைப் போன் சோதனை இல்லாமலேயே படித்திருப்பார்கள்.

இறங்கும் முன்

போனையும் லேப்டாப்பையும் முழுதாக அணைத்துவிடுங்கள். லேப்டாப் மூடியைச் சாத்துவது அணைப்பது ஆகாது. அணைத்து மறுபடி இயக்கிய போன், முதல் முறை பாஸ்கோடு போடும்வரை உள்ளே இருப்பதைப் பூட்டியே வைத்திருக்கும். விரல் ரேகையும் முகமும் அப்போது செல்லாது. பிரித்தெடுக்கும் கருவிகளுக்கும் அந்த நிலைதான் கடினம். பாஸ்கோடு நான்கு இலக்கமாக இருந்தால் மாற்றுங்கள்; எழுத்தும் எண்ணும் கலந்தது இன்னும் நல்லது.

அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து குடிநுழைவுச் சோதனையை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணிபோல வெளியே நடந்துவிடலாம். நீண்ட விமானத்தில் சாவகாசமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர், சென்னையிலிருந்து நாலரை மணி நேரத்தில் அதிகாரி முன் நிற்பார்.

கவுன்ட்டரில்

பொய் சொல்லாதீர்கள். கூட்டாட்சி அதிகாரியிடம் பொய் சொல்வது அமெரிக்காவில் தனிக் குற்றம். சாதனத்தில் இருந்ததைவிட அந்தப் பொய்தான் பெரிய தொல்லையாகும். "பாஸ்வேர்டு தெரியாது" என்பது உண்மையாகவே தெரியாவிட்டால் மட்டும் சொல்ல வேண்டிய வாக்கியம். இரண்டாம் கட்ட விசாரணை அறையில் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை விசாக்காரருக்குக் கிடையாது. ஆகவே சொல்வது குறைவாக, கேட்டதற்கு மட்டும் இருக்கட்டும்.

திறப்பது என்று முடிவெடுத்தால் பாஸ்கோடைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் நீங்களே போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இது நிறுவனத்தின் சாதனம், இதில் கிளையன்ட்டின் ரகசிய வணிகத் தகவல் இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லிவிடுங்கள். அதனால் சோதனை நிற்காது. ஆனால் அந்தத் தகவலைப் பாதுகாக்க வேண்டிய கடமை அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கவசம் உண்டு: வழக்கறிஞர்–கட்சிக்காரர் தகவல் இருப்பதாகச் சொன்னால், அதைத் தொடும் முன் சிபிபி தன் சட்ட ஆலோசகரைக் கேட்க வேண்டும்.

சாதனத்தை வைத்துக்கொண்டு உங்களை அனுப்பினால் 6051டி என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. மேலதிகாரி ஒப்புதலோடு நீட்டிப்பதும் உண்டு.

வெளியே வந்தபின்

போன் உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போய் வந்ததா? அப்படியானால் அதை அலுவலக நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள். முன்பே குறித்துவைத்த எண்ணில் ஐ.டி. பிரிவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து முக்கியக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றி, உள்நுழைந்திருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். விமான நிலையம், நேரம், அதிகாரியின் பெயர் அல்லது அடையாள எண், கேட்ட கேள்விகள், எத்தனை நிமிடம் போன் கையில் இல்லை என்பதை அன்றே எழுதி வையுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் தனியாக அழைத்துப் போகிறார்கள் என்றால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் டிஎச்எஸ் டிரிப் என்ற குறைதீர்ப்பு வழியில் மனுப் போடலாம்.

மற்ற நாடுகளில் விதி வேறு. நியூசிலாந்தில் 2018 அக்டோபர் முதல், பாஸ்வேர்டு தர மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். ஆனால் கேட்பதற்கு அதிகாரிக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி, சந்தேகமே இல்லாமல் ஆறு மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கலாம். அப்போது பாஸ்கோடு தர மறுப்பதே குற்றம். லண்டன் வழியாக மாறிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவுக்காகச் செய்த ஏற்பாடு மற்ற இடங்களிலும் உதவும், ஆனால் மறுத்தால் என்ன ஆகும் என்பதை நாட்டுக்கு நாடு பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் டிக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்றால், ஐ.டி. பிரிவுக்கு அந்த நான்கு கேள்வி மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிடுங்கள். மூன்று நாளில் பதில் வராவிட்டால் மேனேஜரையும் சிசியில் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.